காரம் மட்டும் வந்தது

பதினெட்டாம் நாள் மில்லுக்குத் திரும்பினேன்.
கழனிவாசல் முக்கில் இறங்கியதுமே
எதிரே வந்து கையைப் பிடிக்கும் வாசம்
அன்றைக்கு வரவில்லை.
போர்டு இருந்தது. வரிசை இருந்தது.
வறுத்த மல்லியோடு தூக்குவாளிகள் இருந்தன.
காரைக்குடி மட்டும்
சத்தத்தை அணைத்த டிவியாக ஓடியது.

மிளகாயை மெஷினில் கொட்டினேன்.
கண் எரிந்தது, தொண்டை கமறியது,
மூக்கு ஒழுகியது, தும்மினேன்.
மிளகாய் வரவில்லை.
காரம் வேறு, மிளகாய் வேறு என்று
பதினோரு வருஷம் அரைத்தும் எனக்குத் தெரியாது.
இருட்டில் அறை விழுகிறது,
அறைந்தது யாரென்று தெரியவில்லை.

வீட்டில் சோறு சூடாக இருக்கும்
அல்லது ஆறியிருக்கும். அவ்வளவுதான்.
கோழிக்குழம்பு ஒரு வழவழப்பு.
அப்பளம் ஒரு சத்தம்.
உப்பைக் கை போட்டது; கையை நான் நம்பினேன்,
வேறென்ன செய்ய.

தர்ஷனுக்கு எட்டு வயசு.
அந்த நாட்களில் வீட்டுக்கு அவன்தான் மூக்கு.
பால் பாத்திரத்தை நீட்டினால்
டாக்டர் மாதிரி கண்ணை மூடி மோப்பான்.
"ரசம் ஊசிப்போச்சும்மா" என்றான் ஒரு வெள்ளிக்கிழமை.
காலையில் வைத்த ரசம். கொட்டினேன்.
பரோட்டா வாங்கி வந்தான்.
மறுநாள் சாம்பார் ஊசியது.
அதற்கு மறுநாள் தோசைமாவு.
அப்பளம் ஊசிப்போச்சு என்று வந்து நின்றபோதுதான்
எனக்கு உறைத்தது.

ஆறாவது வாரம் வாசம் திரும்பியது.
திரும்பியது என்று சொல்லக் கூடாது.
காபிக்கு ரப்பர் எரிகிற நாற்றம்.
வெங்காயத்துக்கும் அதே. பற்பசைக்கும் அதே.
மல்லிகைக்கு, தலையணைக்கு,
குளித்து வந்த என் பிள்ளைக்கும் அதே.
"நல்ல அறிகுறிதான்" என்றார் ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் டாக்டர்,
"நரம்பு வேலைக்கு வரப் பார்க்குது."
வந்திருக்கும், பாவம்.
முதல் நாள் வேலைக்கு வந்த பையன்
எல்லாப் பொட்டலத்திலும் ஒரே சீட்டை ஒட்டுவான்.
அப்படித்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

பொங்கலுக்கு முந்தின வாரம், நல்ல கூட்டம்.
ரப்பர் எரிந்தது.
சும்மா கிட என்றேன் மூக்கிடம்.
இன்னும் எரிந்தது.
வரிசையில் ஒரு மஞ்சள் சேலை முகம் சுளித்ததைப் பார்த்தேன்,
மல்லிக்கு எடை போட்டேன்.
அடைக்கலம் அண்ணன் ஓடிவந்து மெயினை இறக்கினார்.
பெல்ட்டில் புகை.
"பக்கத்துலதானே நிக்கிற, தெரியல உனக்கு?"

தெரிந்தது அண்ணே.
பத்து நாளாக அதுதானே தெரிகிறது.
திட்டு விழ விழ எனக்குச் சிரிப்பு வந்தது.
இந்த ஊரிலேயே அந்த பெல்ட் ஒன்றுதான்
தன் சொந்த வாசத்தில் இருந்தது.

இப்போது காலையும் ராத்திரியும் நாலு பாட்டில்.
கிராம்பு, எலுமிச்சைத் தோல், காபித்தூள், கல்பாசி.
ஒவ்வொன்றையும் இருபது எண்ணும்வரை முகர வேண்டும்.
தர்ஷன் எண்ணுகிறான்.
பதிமூன்றிலிருந்து பதினேழுக்குத் தாவுகிறான்,
மூடிகளை மாற்றி வைத்துவிட்டு
என் முகத்தையே பார்க்கிறான்.
கிராம்பு இன்னும் ரப்பர்தான், ஓரத்தில் ஏதோ இனிப்போடு.
கல்பாசியை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.
மூக்கு நன்றாக இருந்த காலத்திலும்
எண்ணெயில் விழும்வரை அது வாய் திறக்காது,
மரத்திலிருந்து உரிந்த பக்குபோலக் கிடக்கும்.

நேற்று எண்ணெய் காய்ந்ததும்
ஒரு துண்டு கிள்ளிப் போட்டேன்.
வந்தது.
முழுசாக இல்லை,
ஒற்றைச் செருப்போடு வாசலில் நிற்கிற ஆள் மாதிரி
பாதி.
வெங்காயம் போடாமல்
கரண்டியோடு அப்படியே நின்றேன்.

"கருகுதும்மா" என்றான் உள்ளேயிருந்து.

நம்பலாமா என்று யோசித்தேன்.