மூணு விசில்

ஞாயிறு காலை ஆறே கால்.
காங்கயம் ரோட்டில் தஸ்தகீர் பாய் கடை.
ட்யூப்லைட்டுக்குச் சிவப்புத் தாள் சுற்றியிருக்கிறார்,
கிழட்டுக் கறியும் இளசாய்த் தெரிய.
"வெளிச்சத்துல காட்டுங்க பாய்."
"லீவு நாள்லயும் கம்பெனியத் தூக்கிட்டு வந்தர்றியே அம்மிணி"
என்றபடி
துண்டைக் கொக்கியோடு வாசலுக்குக் கொண்டுவருகிறார்.

ஆறு நாளும் டேபிளில் பனியன் திருப்புகிறவள் நான்.
ஓட்டை, எண்ணெய்க்கறை, விட்டுப்போன தையல்,
உடம்பு ஒரு சாயம், கை ஒரு சாயம்.
குறையின்மேல் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.
பர்ஸ்ட் இந்தப் பக்கம், செகண்ட்ஸ் அந்தப் பக்கம்.
ஒரு ஷிப்ட்டுக்கு எழுநூறு உருப்படி.

கோயமுத்தூர் மாலில் ஒருமுறை பார்த்தேன்,
கண்ணாடித்தாள் போர்த்திய கறி.
நட்சத்திரம் போட்டு, பிறந்த நாடு போட்டு,
தரையில் பதிக்கும் பளிங்கு மாதிரி
சிவப்புக்குள் வெள்ளைக் கோடு ஓடியது.
இருநூறு கிராம், என் ரெண்டு ஷிப்ட் கூலி.
பழக்க தோஷம், திருப்பிப் பார்த்தேன்.
குறை இல்லை.
வைத்துவிட்டேன்.

இங்கே நட்சத்திரம் இல்லை. விரல்தான்.
அமுக்கினால் குழி உடனே நிமிரணும்.
நின்றால் நேற்றையது.
புதிதாய் வெட்டின முகம் கருஞ்சிவப்பு,
காற்றுப் பட்டுச் செம்பருத்தியாக வேண்டும்.
கொழுப்பு மஞ்சளென்றால் வயசான மாடு.
வெள்ளையென்றால் இளசு என்று நம்பி
போன தையில் ஏமாந்தேன்:
எருமைக்கு எந்த வயசிலும் வெள்ளைதான்.
நார் பார்க்கணும், அதுதான் முக்கியம்.
நாற்பதாம் நம்பர் நூலாட்டம் இருந்தால் எடுக்கலாம்.
இருபதாம் நம்பரென்றால்
வண்டி இழுத்தது, ஏர் இழுத்தது,
கடைசியில் பொள்ளாச்சிச் சந்தைக்குத் தானே நடந்தது.

ஸ்கூட்டரில் வந்தான் அவினாசி ரோட்டு ஓட்டல் பையன்.
வெளிநாட்டு பையர்கள் தங்குகிற ஓட்டல்.
முதுகுக்கு உள்ளே ஒளிந்திருக்கும் நீளத் துண்டை
விரல் வைக்காமல், விலை பேசாமல்,
கிலோ அறுநூறுக்கு முழுசாய் வாங்கினான்.
"தட்டுல வெச்சா என்ன வெலைங்க தம்பி?"
"ஆயரத்து நூறுங்க்கா. பக்கத்துக்கு மூணு நிமிசம் கல்லுல போட்டா ஆச்சு."
"அப்பறம் வேக வெக்கறதில்லீங்ளா?"
"வெந்தா திருப்பி அனுப்பிருவாங்க்கா."

திருப்பி அனுப்புகிற ஆட்களை எனக்குத் தெரியும்.

அவனுக்கு மூணு நிமிசம். எனக்கு மூணு விசில்.
நாலாவது விசிலில் வாசம் படியேறி
மாடியில் வீட்டுக்காரர் மூக்குக்குப் போய்விடும்.
"என்ன கறிங்க அம்மிணி?" என்பார்.
"மட்டன்ங்க" என்பேன்.
மட்டன் கிலோ எண்ணூத்தம்பது, அவருக்குத் தெரியும்.
என் சம்பளமும் தெரியும்.
பல்லுக்காக இளங்கறி வாங்குகிறவர்கள் இருக்கலாம்.
நான் வாங்குவது மாடிப்படிக்காக.

"தொடைக்கறி முக்காக் கிலோ, நெஞ்சு கால் கிலோ."
"முன்னூத்தம்பது, ஒரே வெலை" என்றார் பாய்.
தராசில் இன்னும் எதுவும் வைக்கவில்லை,
முப்பது கிராம் காட்டியது.
ஐடி கார்டு உறையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை உரித்து
அந்த முப்பதின் பக்கத்தில் ஒட்டினேன்.
வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.
பாய் சிரிக்கவில்லை. பட்டனை அமுக்கி
சைபர் ஆக்கினார். பிறகு
கேட்காமலேயே ஒரு நல்லி எலும்பைப் போட்டார்.
தினத்தாள், கறுப்பு கவர், அதற்கு மேல் துணிப்பை.

சோம்பு தூக்கலாய், பட்டை தூக்கலாய்.
ஒன்று. ரெண்டு. மூன்று.
நிறுத்திவிட்டேன்.
தொடை பஞ்சாய் வெந்திருந்தது.
நெஞ்சு வேகவில்லை, வேகாதென்று தெரிந்துதான் வாங்கினேன்,
ருசி அதில்தானே இருக்கிறது.
மெல்ல நேரம் பிடித்தது. ஞாயிறுதானே.

மத்தியானம் தண்ணீர்க் குடத்தோடு படியடியில் நின்றேன்.
மேலிருந்து எட்டிப் பார்த்தார்.
"இன்னிக்கு மட்டன் வெரசா வெந்துருச்சாட்ட இருக்குது?"

"ஆமாங்க. இளசுங்க."