பதினோரு நிமிடம்

டோக்கன் நாற்பத்தேழு.
திம்மராயன்தான் எல்லாம் சொன்னான்,
நான் சொன்னது என் பெயர் மட்டும்.
பதினோரு நிமிடத்தில்
என் இருபத்தொன்பது வருடத்துக்கும் ஒரு பெயர் எழுதிக்
கிழித்துக் கொடுத்தார் டாக்டர்.
பைபோலார்.
கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் நின்று
வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.
ஏதோ பேட்டரி கம்பெனி போலிருந்தது.

மாங்கூழ் ஃபாக்டரியில்
ஓவர்டைம் காசைப் பிடித்த சூப்பர்வைசர் மேல்
க்ரேட்டைத் தூக்கி எறிந்தேனே,
அது எந்தத் துருவம்?
திம்மராயன் சோற்றுத் தட்டை எறிந்தால்
'அவனுக்குக் கொஞ்சம் கோபம் ஜாஸ்தி.'
அவனை ஏற்றிப் போக
இதுவரை யாரும் ஆட்டோ பிடித்ததில்லை.

சரி.
ஆனால் போன ஐப்பசி மழையில்
மூன்று ராத்திரி தூங்காமல்
சமையலறை முழுக்க நீலம் அடித்தது?
சீட்டுப் பணத்தில் பதினெட்டு ஜோடி கொலுசு,
தெருப் பிள்ளைகளுக்கெல்லாம்?
அப்போது யார் மேலும் கோபமில்லை எனக்கு.
அணை நிரம்பியதுகூட
என்னால்தான் என்று நினைத்தேன்.
அப்புறம் தை வரை தலை வாரவில்லை.
இதைத் திம்மராயன் சொல்லவில்லை.
டாக்டர் கேட்கவுமில்லை.

ராத்திரி மாத்திரையைப் பிட்டுப்
பாதியை விழுங்கினேன்.
மீதி ஜன்னல் விளிம்பில், உப்பு டப்பாவுக்குப் பின்னால்.
கூரையோரம் கை எட்டாத ஒரு மூலை
இன்னும் பழைய மஞ்சளில்.

புதன்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.
தனியாகப் போவேன்.
நீலத்தைச் சொல்வேன், கொலுசைச் சொல்வேன்.
க்ரேட்டையும் சொல்வேன்,
அதை மட்டும் நோயில் சேர்க்காதீர்கள் என்று.