நாலு படம்

தக்கலை சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைப் பையன்
தன் போனில் எடுத்துத் தந்தது நாலு படம்.
ஒன்றில் பெல்சி கண்ணை மூடியிருக்கிறாள்.
ஒன்றில் எனக்குப் பாதித் தலை இல்லை.
மூன்றாவதில்
சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஆட்டோக்காரர் முத்தையன்
மாப்பிள்ளையைப் போல நடுவில் நிற்கிறார்.
மிச்சம் ஒன்று.

ஹூஸ்டனிலிருந்து வக்கீல் கேட்கிறார்:
மண்டபப் படம் இருக்கிறதா,
விருந்தில் கூட்டம்,
இரு வீட்டாரும் சேர்ந்து நிற்பது?

இரு வீட்டார்.
பெல்சி போனைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.
கருங்கலில் அவள் அப்பா
வேறொரு மருமகனுக்காக வாங்கிப் போட்ட தேக்குக் கட்டில்
பிளாஸ்டிக் உறை கழற்றாமல் கிடக்கிறது.
இனயத்தில் என் அம்மை
'அது கலியாணமா? ஒப்புல்லா' என்று
மீன் வெட்டும் கத்தியைக் கழுவப் போய்விட்டாள்.
இப்போது ஒரு சர்க்காரும் அதையேதான் கேட்கிறது,
கொஞ்சம் மரியாதையாக.

பதினெட்டு நாள் லீவு அவளுக்கு.
குளச்சலில் மாடி அறை.
கரண்ட் போனபிறகு
அவள் அதிகாரி, நான் மனுதாரன்.

'உங்க மனைவி கட்டில்ல எந்தப் பக்கம் படுப்பாங்க?'
சுவர்ப் பக்கம்.
'தப்பு. ஃபேன் பக்கம்.'
கரண்ட் இல்லாதப்பம் சுவர்ப் பக்கம்.
'இப்படி நீட்டிச் சொல்லப்பிடாது.'

'சாயாவுக்கு எத்தனை சீனி?'
ஒன்றரைக் கரண்டி.
அவள் பதில் சொல்ல நேரமாயிற்று.
'அங்கே சீனியே போடல்ல.
நைட் டூட்டியில யாரு எழும்பி எடுக்க?'
சரி, எதைச் சொல்லட்டும்?
'ஒன்றரைன்னே சொல்லு.'

'முதல்ல எங்க பாத்தீங்க?'
உள்ளங்கையை நீட்டினேன்.
தங்கூசி அறுத்த தழும்பு.
நெய்யூர் ஆஸ்பத்திரியில்
அதற்குக் கட்டுப் போட்டவள்
இருட்டில் விரலால் தடவிப் பார்த்து
'தையல் கோணலாட்டு இருக்கு,
அது டாக்டர் போட்டது' என்றாள்.

சென்னையில்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் இளைஞன்.
என் மகனாக இருக்கும் வயதில்லை, ஆனால் தம்பி.
பக்கத்தில் மொழிபெயர்க்கும் அம்மாள்.
நான் ஒரு தடவை சொன்னதை
அவர் இரண்டு தடவை கேட்டார்.
கட்டிலைப் பற்றிப் பேச்சே இல்லை.
சீனியைப் பற்றியும் இல்லை.
கையை மேசைமேல் மலர்த்தி வைத்திருந்தேன்,
யாரும் பார்க்கவில்லை.

மூன்றாவது படத்தை எடுத்தான்.
நடுவில் யார் இது? உறவா?

'இல்ல' என்றேன்.
'ஆமா' என்றாள் பெல்சி.
ஒரே மூச்சில்.

அவன் தட்டச்சு செய்வதை நிறுத்தினான்.
அந்த அம்மாள் எங்கள் இருவரையும்
மாறி மாறிப் பார்த்தார்.
பயிற்சியில் இந்தக் கேள்வி இல்லை.
பெல்சிக்குக் காது சிவந்துவிட்டது.
நான்தான் சொன்னேன்:
அன்றைக்கு வர்றதா இருந்த சாட்சி வரல்ல.
ஸ்டாண்டில நின்னவரைக் கூப்பிட்டோம்.
மூணு மணிக்கூர் இருந்தாரு.
வண்டி வாடகைகூட வாங்கல்ல.
அதனால, அவ சொன்னதையே எழுதிக்கிடுங்க.

அந்த அம்மாள் அதை எப்படிச் சொன்னாரோ தெரியாது,
நான் சொன்னதைவிட நீளமாக இருந்தது.
அவன் நெடுநேரம் தட்டச்சு செய்தான்.
பிறகு ஒரு தாள்:
இன்னும் பரிசீலனையில் உள்ளது.

இரணியல் ஸ்டேஷனில் இறங்கினால்
முத்தையன் நிற்கிறார்.
'கிட்டிச்சா மக்கா?'
இல்லை, ஆனால் உங்களைச் சொந்தமென்று
அமெரிக்கக்காரன் எழுதிவைத்திருக்கிறான் என்றோம்.
அவர் கொஞ்சம் யோசித்தார்.
'அப்பம் இன்னைக்கு முந்நூறு ரூவா தரணும்.
சொந்தக்காரங்கிட்ட கடன் வைக்கப்பிடாது.'

வெளியே சாயாக் கடை.
எனக்கும் முத்தையனுக்கும் சொல்லிவிட்டு
ஒன்றரைக் கரண்டி என்று வாயெடுப்பதற்குள்
பெல்சி கடைக்காரரிடம் சொன்னாள்:
'எனக்குச் சீனி வேண்டாம்.'