அரை அடி முன்னால்

அல்மேரியாவில் கடலுக்கு முன்பே
பிளாஸ்டிக் வந்துவிடுகிறது.
பசுமைக்குடிலுக்குள் லென்ஸ் வியர்த்தது;
துடைத்தேன், மறுபடி வியர்த்தது.

சங்கத் துண்டறிக்கைக்கு ஒரு படம்.
முகம் தெரிந்தால் வேலை போகும்;
பேப்பர் இல்லாதவனுக்கு நாடே போகும்.

வளையத்தை ஒன்று புள்ளி நான்குக்குத் திருகினேன்.
எண் சிறுக்கச் சிறுக்கத் துளை அகலும் என்பது
எனக்கே பிடிபட ஒரு வருடமானது.
அகலத் திறந்த கண்
ஒரு தாள் கனத்தைத்தான் கூர்மையாய்ப் பார்க்கும்.
அந்தத் தாளுக்குள்
ஒரு தக்காளி, பறிக்கும் கட்டைவிரல்,
மருந்து அரித்த நகம்.
பின்னால் பதினொரு பேர்
பச்சையும் பழுப்புமாய்க் கரைந்து நின்றார்கள்,
பத்திரமாக.

தியேமோகோ திரையை எட்டிப் பார்த்தான்.
"நியேவெஸ், இதில நான் எது?"
காட்டினேன்: ஒரு நீலக் கறை.
"படம் காயேவுக்குப் போகும்.
அம்மாவுக்குத் தெரியணும்.
முதலாளிக்குத் தெரியக் கூடாது."

இரண்டு புள்ளி எட்டில் வைத்தேன்.
இத்ரீசாவுக்கு மீசை முளைத்துவிட்டது.
நான்கில், ஒளிந்து நின்ற மேஸ்திரியின் மைத்துனன்கூட
மாட்டிக்கொண்டான்.
அழித்தேன்.
அம்மாவுக்கும் முதலாளிக்கும் நடுவே உள்ள எண்ணை
வளையத்தில் யாரும் செதுக்கவில்லை.

மறுபடி ஒன்று புள்ளி நான்கு.
"அரை அடி முன்னால வா."
வந்தான்,
இடது தோளைக் கொஞ்சம் இறக்கி,
காலிக் கையோடு எதையோ சுமப்பவன் போல.
முகம் இன்னும் புகைதான்.

ஞாயிற்றுக்கிழமை போனை என் காதில் வைத்தான்.
அம்மாவின் குரல், நீளமாக.
பம்பாராவோ சோனின்கேயோ, எனக்குப் புரியவில்லை;
திட்டுவது போலிருந்தது.

"இளைச்சிட்டேனாம்," என்றான்.