நூற்றெண்பது மெகாபைட்

இங்கே ஏறிவரும் எதையும் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவோம்.
மாவு, மண்ணெண்ணெய், வெங்காயம், பேட்டரி.
கடைசி நான்கு கிலோமீட்டருக்கு
முதுகுதான் வண்டி.

புது லேப்டாப் கேட்டேன்.
சாராயேவோ அலுவலகத்தில் ஒருவர் தொலைபேசியிலேயே சிரித்தார்.
"இருப்பதை வைத்து ஓட்டு, செனாடா."

இருப்பதற்குப் பன்னிரண்டு வயது.
இரண்டு ஜிபி ராம்.
கீல் உடைந்து, வேலிக்கம்பியால் கட்டிய திரை.

ஜினோம் போட்டுப் பார்த்தேன்.
காற்றின் வேகத்தைக் குறிக்க ஜன்னல் ஒன்று திறப்பதற்குள்
காற்றே திசை மாறிவிட்டது.

கேடிஇ அழகு, மறுக்கவில்லை.
நிழல் விழும் ஜன்னல்கள், வழுக்கி வரும் பட்டியல்கள்.
ஆளுக்கொரு கட்டில் மட்டும் உள்ள நிலையத்தில்
கல்யாணப் பந்தல்.

எல்எக்ஸ்கியூடியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.
என்னவோ ஒட்டவில்லை.
ஏன் என்று கேட்காதீர்கள்.

பிறகு மூன்று நாள் புயல்.
கதவு திறக்கவில்லை, ரேடியோவில் இரைச்சல்.
ஒவ்வொன்றாகக் கழற்றினேன்:
பின்னணிப் படத்தை, ஐகான்களை, கீழே கிடந்த பட்டையை.
மூன்றாம் இரவு ஐ3.
கறுப்புத் திரை.
கறுப்பு மட்டும்.
இருநூற்று எண்பது மெகாபைட்டில் ஓர் உலகம்
பத்தொன்பது விநாடியில் எழுந்து நின்றது.
யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.
எலி மட்டும் விழித்திருந்தது, மாவு மூட்டைக்குள்.

புயல் விட்டதும் ஃபெஹிம் வந்தான்,
புருவத்தில் பனிக்கட்டியோடு.
திரையைப் பார்த்தான்.
"செத்துப்போச்சா?"

இல்லை, இல்லை, பார்:
இந்த விசையை அழுத்தியபடி இது,
ஷிஃப்டையும் சேர்த்துப் பிடித்து அது.
வேகமாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

அவன் வலக்கையை மேசைமேல் வைத்தான்.
மூன்று விரல்.
மற்ற இரண்டையும் நான்கு ஜனவரிக்கு முன்
பனி எடுத்துக்கொண்டது.
அந்தக் கையில்தான் தினமும் காபிக் கிண்ணம் கொடுக்கிறேன்.
மெகாபைட் மெகாபைட்டாக எண்ணியவள்
அதை எண்ணவில்லை.

"பரவாயில்லை, நான் நோட்டில் எழுதிக்கொள்கிறேன்."
கோபமே இல்லாமல் சொன்னான்.
கோபித்திருக்கலாம்.

அன்றிரவு எக்ஸ்எஃப்சிஇ ஏற்றினேன்.
அதன் சின்னம் ஒரு சுண்டெலி.
"மூட்டையில் இருப்பதன் சொந்தக்காரனா?" என்றான்.
பளபளப்புகளை அணைத்தேன்.
மூன்றே மூன்று ஐகான், ரொட்டித் துண்டளவு பெரிதாக:
பனி, காற்று, வெப்பம்.
அடுப்பருகிலிருந்தே தெரியும்படி ஒரு கடிகாரம்.
இடக்கையால் சுட்டியை நகர்த்தி
ஒவ்வொன்றையும் ஒருமுறை தட்டிப் பார்த்தான்,
பழம் பார்த்து வாங்குகிறவனைப்போல.

நானூற்று அறுபது மெகாபைட்.
எழுந்து நிற்க முப்பத்தெட்டு விநாடி.
கூடுதல் நூற்றெண்பதும் யார் முதுகிலும் ஏறவில்லை.
கூடுதல் பத்தொன்பது விநாடியில்
நான் அடுப்புக்கு ஒரு கட்டை போடுகிறேன்.

கறுப்புத் திரையை அழிக்கவில்லை.
உள்நுழையும் இடத்தில், மூலையில் இருக்கிறது.
தனியாக இருக்கும் சில இரவுகளில் அதற்குள் போய்
எதுவும் செய்யாமல் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

இன்று காலை ஏழு மணிப் பதிவு அவனுடையது.
பனியின் கட்டத்தில் காற்றை எழுதியிருந்தான்.
திருத்தினேன்.
பனி: நூற்று நாற்பத்து மூன்று சென்டிமீட்டர்.
இன்னும் விழுகிறது.