துவர்ப்பு

போரிவலி ஜெட்டியில்
பைக்குகளோடு சேர்த்து எங்களையும் ஏற்றிக்கொண்டது படகு.
கோராய் போய்ச் சேர ஐந்து நிமிடம்.
இறங்கியதும் கயிற்றில் காயும் கருவாடு.
நான் முந்தானையால் மூக்கைப் பொத்தினேன்.
பொன்னுத்துரை பொத்தவில்லை.
காய்ச்சலோடு அவர் மோப்பம் போய்
பதினான்கு மாதம்.

மஸ்ஜித் பந்தரில் இருபத்தாறு வருடம்
மூட்டையை அவிழ்க்காமலே
பெருங்காயத்தில் மாவு எவ்வளவு என்று சொன்ன மூக்கு.
இப்போது கேஸ் கசிந்தால்
நான்தான் கத்த வேண்டும்.

டிக்கெட் மகள் போட்டது.
ஆளுக்கு நான்கு கிளாஸ், மதியச் சாப்பாடு உள்பட.
வேலிக்கு அப்பால் கடல்.
திராட்சை மட்டும் நாசிக்கிலிருந்து லாரியில் வருகிறதாம்.
மறைக்காமல் சொன்னாள் மார்ஜரி கின்னி,
சொல்லிக்கொண்டே முதல் கிளாஸைச் சுழற்றினாள்:
"பேரிக்காய். ஈரக் கல். கொஞ்சம் எலுமிச்சைப் பூ."
அந்தேரியிலிருந்து வந்த ஆறு பிள்ளைகள்
கண்ணை மூடி ஆமாம் என்றார்கள்.
இவரும் ஆமாம் என்றார்.
மேஜைக்கு அடியில் அவர் கால்
என் காலைத் தேடிக்கொண்டிருந்தது.

குனிந்து சொன்னேன்:
பேரிக்காயும் இல்லை ஒரு மண்ணும் இல்லை.
மாடித் தொட்டியைக் கழுவின அன்றைக்கு
குழாயில் வருமே முதல் தண்ணீர், அது.
சிரித்ததில் பாதி கிளாஸ்
பொம்பில் வறுவல் மேல் கொட்டியது.

இரண்டாவதுக்கு,
பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்துப் புதுப் பை.
மூன்றாவதுக்கு, குக்கர் ரப்பர்.
மார்ஜரி காதில் விழுந்துவிட்டது.
என்னவென்று இந்தியில் கேட்டாள்.
சொன்னேன்.
மறுபடி மோந்து பார்த்தாள்.
கோபம் இல்லை.
பில் புத்தகத்தின் பின்பக்கம் எதையோ குறித்துக்கொண்டாள்.

பழைய தமிழில் மதுவுக்குத் தேறல் என்று பேர்,
பத்தாம் வகுப்பில் படித்தது.
தேறிவிடும் என்றுதான் சயான் டாக்டரும் சொன்னார்.
இந்தத் தேறலையா சொன்னார்,
யாரைக் கேட்பது.

நான்காவது நாவற்பழத்தில் போட்டது,
கொல்லையில் நிற்கும் அவர்கள் சொந்த மரம்.
இறால் ஊறுகாயும் உப்பின ஃபூகியாவும் வந்தன.
இவர் ஒரு மடக்கு குடித்தார்.
தாடை நின்றது.
நாக்கைப் பல்லில் தேய்த்தார்,
சாக்பீஸ் பிடித்த விரலைத் தேய்ப்பதுபோல்.
"துவர்க்குது."

மார்ஜரி டானின் என்றாள்.
அதை அந்தப் பிள்ளைகளுக்கு விளக்க
அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.
இவர் என் பக்கம் திரும்பினார்:
"இதுக்கு மூக்கு வேண்டாம்டி.
பிடிக்குது. உள்ளே வந்து பிடிக்குது."
என் கிளாஸையும் எடுத்துக்கொண்டார்.
ஊறுகாயைத் தொடவே இல்லை.

திரும்பும்போது கடல் வற்றி
படகு எதிர்க்கரையிலேயே நின்றது.
உதடு இரண்டும் ஊதா.
போரிவலி மார்க்கெட்டில் இந்நேரம்
வாழைப்பூ கிடைக்குமா என்றார்.
நரம்பு எடுக்க நீங்கள் உட்காருவதாக இருந்தால்
கிடைக்கும் என்றேன்.
பதில் இல்லை.
நாக்கால் இன்னும்
பல்லைத் தடவிக்கொண்டிருந்தார்.