வால்வு மூடி

கானாடுகாத்தான் விலக்குக்குக் கொஞ்சம் தெற்கே எங்கள் பங்க்.
காற்று இலவசம் என்று பலகை இருக்கிறது.
இலவசம் என்பதால்தானோ என்னவோ
யாரும் நிறுத்துவதில்லை.
மூவாயிரத்துக்கு டீசல் போடுகிறவர்
மீட்டரில் பூஜ்யம் பார்ப்பார்,
மூடியைப் பூட்டினேனா என்று இரண்டு தரம் கேட்பார்,
நாலு காலில் எது நொண்டுகிறது என்று
குனிந்து பார்க்கமாட்டார்.

பங்க் மெஷின் இரண்டு பவுண்டு கூட்டிச் சொல்லும்.
முதலாளியிடம் மூன்று முறை சொல்லிப் பார்த்தேன்.
அப்புறம் காரைக்குடியில்
நானூற்றைம்பது கொடுத்து
எனக்கென்று ஒரு கேஜ் வாங்கிக்கொண்டேன்.
என் சம்பளத்தில் ஒன்றரை நாள்.
யாருக்கும் இரவல் கிடையாது.

'கல்லு மாதிரி அடிம்மா' என்பவர்கள் உண்டு.
அவர்கள் டயர் நடுவில் தேயும்.
அடிக்கவே அடிக்காதவர்கள் டயர்
இரண்டு ஓரமும் தேயும்.
ஆளைப் பார்க்காமல் டயரை மட்டும் பார்த்து
ஆளைச் சொல்லிவிடுவேன்.

வைகாசி ஞாயிறு, மூன்றே முக்கால்.
தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிற வெயில்.
பெண் அழைத்துப் போகிற வண்டி ஒன்று வந்தது,
வெள்ளை எர்டிகா,
முன்னால் வாடிய மல்லிகைச் சரம்,
உள்ளே ஏழு பேர்,
பின்னால் சீர்:
அண்டா, கிரைண்டர், இரண்டு குத்துவிளக்கு,
பேர் வெட்டின தூக்குவாளிகள் கண்ணாடி மறைய.
சினைமாடு நடப்பதுபோல்
பின்புறம் தாழ்ந்து வந்தது.

டீசல் மட்டும் என்றான் டிரைவர் சாத்தப்பன்.
இடது பின் டயர்
தரையில் உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தது.
கேஜை வைத்தேன். இருபத்து நாலு.
அதுவும் ஓடிச் சூடான டயரில்.
ஆறவிட்டுப் பார்த்தால் இருபதுகூடத் தேறாது.
முழுப் பாரத்துக்கு முப்பத்தாறு என்று
டிரைவர் கதவோரத்திலேயே ஒட்டியிருக்கிறது.
தினமும் அந்தக் கதவைத் திறக்கிறான் சாத்தப்பன்.

'ஓடித்தானே வந்துச்சு' என்றான்.
மாப்பிள்ளையின் சித்தப்பா வாட்சைத் தட்டினார்:
'நாலரைக்கு ராகுகாலம்.
அதுக்குள்ள ஆத்தங்குடியில இருக்கணும்.'
ராகுவுக்காவது மணிக்கணக்கு உண்டு என்று
வாய்வரை வந்தது. முழுங்கிக்கொண்டு
ரெண்டு நிமிஷம் என்றேன்.

கல்யாணப் பெண் கண்ணாடியை இறக்கினாள்.
'அடிக்காட்டி என்ன ஆகும்?'
ஒன்றும் ஆகாது என்றது மொத்த வண்டியும்.
'பக்கச் சுவர் மடங்கி மடங்கி நிமிரும்.
உள்ளே சூடேறும்.
ஆத்தங்குடி வரைக்கும் போனாலும் போகும்.'
'போனாலும் போகும்னா?'
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
தொட்டுப் பாருங்க என்றேன்.

பட்டும் கழுத்து நிறைய நகையுமாய் இறங்கி
மருதாணிக் கையை டயரில் வைத்தாள்.
சட்டென்று எடுத்தாள்.
மெய்யம்மை, மெய்யம்மை என்று உள்ளே கூப்பாடு.
'நாலுக்கும் அடிங்க. ஸ்டெப்னிக்கும்.'

ஸ்டெப்னி எட்டுகிற இடத்தில் இல்லை.
சீரை இறக்கவேண்டும்.
யாரும் இறக்கவில்லை, அவளும் வற்புறுத்தவில்லை.

சூட்டுக்கு நாலு சேர்த்து நாற்பது வைத்தேன்.
வண்டி ஒரு விரல்கடை எழுந்தது.
சித்தப்பா இருபது ரூபாய் நீட்டினார். இலவசம் என்றேன்.
என்னமோ திட்டிவிட்டதுபோல் பார்த்தார்.
'நாளைக்கு விடியக்காலம், எடுக்கறதுக்கு முன்னாடி
ஒரு தடவை சரிபாருங்க.'
கண்ணாடி ஏறிவிட்டிருந்தது.

ஆத்தங்குடி ரோட்டில் அன்றைக்கு
ஒன்றும் நடந்ததாகக் கேள்வியில்லை.
நான் அடித்திருக்காவிட்டாலும்
நடந்திருக்காதோ என்னவோ.
எப்படித் தெரியும்?

ராத்திரி யூனிபார்ம் துவைக்கும்போது
பையில் ஏதோ உருண்டது.
கறுப்பு மூடி, சுண்டுவிரல் நுனியளவு.
இடது பின்னாலதுதான். கடைசியாக அதைத்தான் கழற்றினேன்.
அவசரத்தில் கையோடு வந்துவிட்டது.
செம்மண் ரோடு. தூசி இறங்கும்.
ஐந்து ரூபாய்ச் சாமான், ஆனால்
இரண்டு தரம் எழுந்து தண்ணீர் குடித்தேன்.

கேஜோடு அதே பையில் இருக்கிறது.
வெள்ளை எர்டிகா எது வந்தாலும்
நம்பரைப் பார்ப்பதில்லை,
இடது பக்கமாகப் போய்க்
குனிகிறேன்.